ஒரு கூடம், மூன்று வகுப்பு: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத் திட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய புகைப்படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்துச் சுவரில் மூன்று சார்ட் தாள்கள். 15 வயது மூத்தவளுக்குப் பச்சை, 11 வயதுப் பையனுக்கு நீலம், 6 வயதுச் சின்னவளுக்கு மஞ்சள். காலை எட்டரை முதல் மாலை நான்கரை வரை 40 நிமிடத்துக்கு ஒரு பாடம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. "போன வருடமும் இப்படித்தான் ஒட்டினேன். ஆடி பிறப்பதற்குள் நானே கிழித்துப் போட்டேன். இந்த வருடம் நிற்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வருடமும் நிற்காது. மூன்று தாளையும் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 27 பாடவேளை வருகிறது. சொல்லிக்கொடுக்க இருப்பது நீங்கள் ஒருவர். பள்ளிக்கூடத்தில் இதற்கு மூன்று ஆசிரியர்கள் இருப்பார்கள், அவர்களில் யாரும் நடுவில் எழுந்து போய்க் குக்கர் விசிலை எண்ண வேண்டியதில்லை. குறை உங்கள் ஒழுங்கில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அந்தத் தாள்களைக் கழற்றிவிட்டு ஒரு பழைய காலண்டரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். யாருக்கு எப்போது எந்தக் கதவு திறக்கிறது, எது மூடுகிறது என்று முதலில் குறித்துக்கொள்வோம். தினசரி வேலையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அதற்கு முன் உங்கள் மாமியார் பயப்படும் விஷயம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் வழக்குப் போடுவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பத்தாவது பிரிவில் சொல்கிறது. மீறும் பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லும் அதில் கிடையாது. தடையும் இல்லை, அங்கீகாரமும் இல்லை என்ற நடுவெளியில்தான் உங்களைப் போன்ற குடும்பங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் காகிதம்தான் துணை. எந்தப் பிள்ளை எந்த மாதம் என்ன படித்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள், பிள்ளைகள் எழுதிய தாள்களில் மாதத்துக்குப் பத்தையாவது ஃபைலில் போட்டு வையுங்கள். பின்னால் பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் தலைமையாசிரியர் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி மூத்தவள். இந்த வருடத்தின் காலண்டர் அவளுடையது, மற்ற இருவரும் அதற்குள் அடங்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில் எழுதப்போகிறாள் என்கிறீர்கள். 14 வயது நிறைந்தால் போதும், அவளுக்குத் தடையில்லை. ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள் உண்டு: ஏப்ரல்-மே மாதத்தில் ஒன்று, அக்டோபர்-நவம்பரில் ஒன்று. ஐந்து பாடங்களில் தேற வேண்டும், பாடத்துக்கு 33 விழுக்காடு. ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்பதும் இல்லை. இரண்டை ஒரு முறையும் மூன்றை அடுத்த முறையும் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம், பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

இந்தத் தளர்வுதான் பலரை ஏமாற்றிவிடுகிறது. கணக்கு கஷ்டமாக இருக்கிறதா, விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. இடம் கொடுக்கிறதே என்று எடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் பொறியியல், டிப்ளமோ என்று என்னிடம் வந்து நிற்பவர்கள் உண்டு. உங்கள் மகள் கால்நடை மருத்துவம் என்கிறாள், அடுத்த மாதம் வேறு சொல்வாள், அந்த வயது அப்படித்தான். அதனால் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்ற பழைய ஐந்தையே எடுக்கட்டும். தமிழை ஏன் விடக்கூடாது என்றால், பின்னாளில் தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வு எழுதினால் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். மேலே ஒரு பாடம் ஆசைக்கு வேண்டுமானால், ஓவியமோ மனையியலோ, எடுத்துக்கொள்ளட்டும்.

ஒப்படைப்புகளை, அதாவது வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய பயிற்சிகளை, மறந்துவிடாதீர்கள். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 20 விழுக்காடு அதற்குத்தான். தேர்வுக்கு ராத்திரி பகலாகப் படித்தவள் அதைக் கடைசி வாரம் அவசரமாக எழுதிக் கொடுத்துப் பாதியை இழப்பது வழக்கமான கதை. அறிவியலுக்குச் செய்முறை வகுப்பு உண்டு, அதைப் படிப்பு மையத்தில் போய்த்தான் செய்ய வேண்டும். எந்த நாட்களில் நடத்துவார்கள் என்று இப்போதே கேட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதுங்கள். அந்த நாட்களில் வீட்டில் வகுப்பே கிடையாது, மூவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள்.

ஏப்ரலில் எழுதினால் முடிவு வரும்போது பதினோராம் வகுப்புச் சேர்க்கை தொடங்கியிருக்கும். எந்தப் பள்ளியில் சேர நினைக்கிறாளோ அங்கே தை மாதத்திலேயே ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். சேர்க்காவிட்டால் வழி அடைந்துபோகாது. பன்னிரண்டாம் வகுப்பையும் திறந்தநிலையிலேயே முடிக்கலாம், ஐந்து பாடங்களோடு முடித்தால் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. எழுத முடியும். மருத்துவத்துக்கான நீட் தேர்வைத் திறந்தநிலையில் படித்தவர்கள் எழுதலாமா என்பதில் நெடுநாள் இழுபறி இருந்தது, 2024இல் உச்ச நீதிமன்றத்தில் அது திறந்தநிலை மாணவர்களுக்குச் சாதகமாக முடிந்தது.

அடுத்து பையன். அவனைப் பற்றி நீங்கள் எழுதியது நான்கே வரி. ஆனால் இந்த ஜூனில் நீங்கள் எடுக்க வேண்டிய பெரிய முடிவு அவனுடையதுதான்.

அவன் வயது ஆறாம் வகுப்பு வயது. தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதை நீட்டினார்கள். கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு வைக்கின்றன. வீட்டில் படித்த ஆண்டுகளுக்கு இவை எதுவும் கிடையாது. மூத்தவளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது, சின்னவளுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. இவனுக்கு இந்த மாதம். "முன்பு பள்ளிக்கே போகாத பிள்ளையை எப்படி ஆறில் சேர்ப்பார்கள்?" என்றால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே 2009 சட்டம் நான்காவது பிரிவில் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது.

சேர்த்தே ஆகுங்கள் என்று சொல்லவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்வதானால், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 12½ வயது நிறைந்ததும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதலாம், அது கையில் ஒரு சான்றிதழ். ஆனால் அந்த நான்கு வரியில் ஒரு வரி, சாயங்காலம் கிரிக்கெட் ஆடும் பையன்கள் பள்ளிப் பேச்சு பேசும்போது இவன் வீட்டுக்கு வந்துவிடுகிறான் என்பது. அதை நான் இரண்டு முறை படித்தேன். அவனிடம் கேட்டீர்களா? மூவரும் ஒரே முறையில்தான் படிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டு பேர் வீட்டிலும் ஒருவன் பள்ளியிலும் படிக்கும் குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன், அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

சின்னவளுக்கு ஒரே வேலை: வாசிக்கப் பழகுவது. அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பார்கள். ஒன்றாம் வகுப்பா மூன்றாம் வகுப்பா என்று பார்க்காமல், எழுத்து தெரியுமா, சொல் தெரியுமா, சொற்றொடர் வருமா என்று பார்க்கும் பிரிவு அது. உங்கள் மகள் இப்போது மொட்டு. மார்கழிக்குள் மலரானால் போதும். மஞ்சள் தாளில் பொது அறிவு, கணினி என்றெல்லாம் எழுதியிருந்தீர்களே, அவை வேண்டாம்.

இப்போது நாளுக்கு வருவோம். பல வயதுப் பிள்ளைகளை ஒருவரே வைத்து நடத்துவது நம் ஊருக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஆசான், ஆசானுக்குப் பதிலாகச் சொல்லிக்கொடுக்கும் பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளை, சின்னவர்களுக்கு மணலில் எழுத்து. 1789இல் சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை ஆசிரமத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் ஆசிரியர்கள் அதைச் செய்ய மறுக்கவே, எழுதத் தெரிந்த ஒரு சிறுவனை வைத்தே மற்றவர்களுக்குச் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். அதை 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். நம் பொருளுக்கு அவர்கள் பெயர் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள், அது தனிக் கதை. பின்னர் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலிலும் பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து, அவரவர் அட்டையை எடுத்து, அவரவர் வேகத்தில் பாடத்தின் படிகளில் ஏறினார்கள். ஆசிரியர் எந்தக் குழுவுக்குத் தேவையோ அங்கே போய் உட்காருவார்.

நீங்களும் அப்படித்தான் உட்கார வேண்டும். வயதை வைத்துப் பிரிக்காதீர்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் யார் எத்தனை நேரம் தாக்குப்பிடிப்பார்கள் என்பதை வைத்துப் பிரியுங்கள். சின்னவளால் பத்து நிமிடம் முடியும், பையனால் அரைமணி, மூத்தவளால் இரண்டு மணிநேரம். ஆகவே உங்கள் காலை நேரத்தின் முதல் 40 நிமிடம் சின்னவளுக்கு. அவள் அரிசித் தட்டில் எழுதட்டும், உங்கள் மடியில் உட்கார்ந்து வாசிக்கட்டும். அதே நேரத்தில் பையன் நேற்று சொல்லிக்கொடுத்த கணக்கைப் போடுவான், மூத்தவள் அறையைச் சாத்திக்கொண்டு தன் பாடத்தைப் படிப்பாள். பிறகு சின்னவளை விளையாட விட்டுவிட்டுப் பையனோடு அரைமணி, புதுக் கணக்கு மட்டும். சமையல் முடிந்த பின் மூத்தவளோடு ஒரு மணிநேரம், அதுவும் தினமும் வேண்டாம். அவள் சந்தேகங்களை ஒரு தாளில் எழுதி வைக்கட்டும், வாரத்துக்கு மூன்று நாள் அதைத் தீர்த்தால் போதும். இவ்வளவுதான் தனித்தனி வகுப்பு. கணக்கும், எழுதப் படிக்கக் கற்பதும்தான் ஆளுக்கு ஆள் தனியாக நடக்க வேண்டியவை.

மிச்சமெல்லாம் மூவருக்கும் சேர்த்து. உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தென்னந்தோப்பு இருக்கிறதே, அதை ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னவள் பாளை, குரும்பை, இளநீர், தேங்காய், கொப்பரை, ஓலை, மட்டை, நார் என்று சொல் சேர்ப்பாள். ஒரே மரத்தில் தமிழ் இத்தனை பெயர் வைத்திருக்கும்போது எழுத்துப் பயிற்சிக்குக் கடையில் புத்தகம் எதற்கு? பையன் போன வெட்டில் எத்தனை காய், மரத்துக்கு எவ்வளவு, வெட்டுக்கூலி போக என்ன மிஞ்சியது என்று அப்பாவின் நோட்டைப் பார்த்துக் கணக்கெடுப்பான். சராசரியும் விழுக்காடும் அங்கேயே வந்துவிடும். மூத்தவள் தன் அறிவியல் பாடத்தில் வரும் மகரந்தச் சேர்க்கையைப் பூம்பாளையை வெட்டிக் காட்டித் தம்பி தங்கைக்கு விளக்கட்டும். சொல்லிக்கொடுக்கிறவளுக்குத்தான் பாடம் அதிகம் பதியும், சட்டாம்பிள்ளைகள் அறிந்த ரகசியம் அது. ஆனால் தினம் அரைமணிக்கு மேல் அவளை ஆசிரியையாக ஆக்காதீர்கள். வீட்டில் மூத்த பெண்ணுக்குத் தானாக வந்து சேரும் வேலைகள் ஏற்கெனவே அதிகம், தேர்வு வருடத்தில் இதுவும் சேரக்கூடாது.

பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கீழ் வகுப்புகளின் நூல்கள் மூன்று பருவமாகவே பிரிந்திருக்கும், உங்கள் வருடத்தையும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு ஒரு வாரம் எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். காய்ச்சல், கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாம் அந்த வாரத்தில் போய் உட்காரும்.

முடிப்பதற்கு முன் ஒன்று. பிறப்புச் சான்றிதழில் மூத்தவளின் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, ஆதாரில் ஓர் எழுத்து இனிஷியல் மட்டும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகல்களில் பார்த்தேன். பதிவு செய்த பிறகு இதைத் திருத்துவது பெரும் அலைச்சல். தாள்களைக் கழற்றும் வேலைக்கும் முன்னால் திங்கட்கிழமை காலை இ-சேவை மையத்துக்குப் போய் வந்துவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் அங்கே வருமானச் சான்றிதழ் வாங்க வருகிறவர்களின் வரிசை தெருவுக்கு வந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்