எதிரி தென்படவில்லை

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரை நாள்வாரியாகத் தொகுத்த ஒரு நூலைப் படித்துவருகிறேன். ஒவ்வொரு தேதிக்கும் கடல், தரை, வான் என்று மூன்று பத்திகள். பாதி நாட்களில் ‘ரோந்து, மூடுபனி, எதிரி தென்படவில்லை’ என்றுதான் இருக்கிறது. அவற்றைத் தாண்டிப் போய்விடலாமா? ஜெர்மனியின் ரோமல், பிரிட்டனின் மாண்ட்கோமரி இருவரில் சிறந்த தளபதி யார்? இதையெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஒரு வாசகர், ஓசூர்

தம்பி,

தளபதிச் சண்டையை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது, என் வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் மூடுபனியைத் தாண்டிப் போகலாமா என்றீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருப்பதே அந்த வரிகளைப் பற்றி.

ஐரோப்பாவுக்கு வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. விமானம் கிளம்புமா, டாங்கி சேற்றில் மாட்டுமா என்று முன்கூட்டித் தெரியவேண்டுமானால் அட்லாண்டிக்கின் காற்றும் அழுத்தமும் தெரிந்தாக வேண்டும். ஜெர்மனிக்கு அந்தப் பக்கம் காலூன்ற இடமில்லை. ஆகவே நீர்மூழ்கிகள் மேலே வந்து வானத்தைப் பார்த்துத் தகவல் அனுப்பின. செய்தி நீண்டால் எங்கிருந்து வருகிறது என்று எதிரி கண்டுபிடித்துவிடுவான். அதனால் எல்லாவற்றையும் சில எழுத்துகளாகச் சுருக்க ஒரு சிறு புத்தகம் வைத்திருந்தார்கள். சுருக்கியதை எனிக்மா இயந்திரத்தில் சங்கேதமாக்கி அனுப்புவார்கள்.

1942 பிப்ரவரி 1 அன்று அட்லாண்டிக் நீர்மூழ்கிகளின் எனிக்மாவில், எழுத்துகளை மாற்றும் மூன்று சக்கரங்களோடு நான்காவதும் சேர்ந்தது. அதன்பின் பத்து மாதம், பிரிட்டனின் ரகசியச் சங்கேத உடைப்பு நிலையமான பிளெட்ச்லி பார்க்கில் இருந்தவர்களால் அந்தச் செய்திகளைப் படிக்க முடியவில்லை. அக்டோபர் 30 இரவு, எகிப்துக்கு வடக்கே கடலில் பிரிட்டிஷ் கப்பல்கள் யூ-559 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை அடித்து மேலே வரவைத்தன. ஃபாசன், கிரேசியர் என்ற இருவர் மூழ்கிக்கொண்டிருந்த அதற்குள் இறங்கிப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார்கள். மேலே நின்று வாங்கியவன் டாமி பிரவுன். கேண்டீன் பையன், வயதைக் கூட்டிச் சொல்லி வேலையில் சேர்ந்தவன், அப்போது 16. நீர்மூழ்கி திடீரென்று அமிழ்ந்தது. உள்ளே போன இருவரும் திரும்பவில்லை.

அந்தப் புத்தகங்களில் வானிலைச் சுருக்கமும் இருந்தது. நீர்மூழ்கிகள் அனுப்பிய வானிலையை ஜெர்மானியக் கரை நிலையங்கள் வேறொரு சங்கேதத்தில் மறுபடி ஒலிபரப்பும். அதை பிரிட்டன் ஏற்கெனவே உடைத்திருந்தது. ஆக ஒரே செய்தி இரண்டு உருவில் கையில், தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஊகிக்கலாம். அதோடு, வானிலைச் செய்திக்கு மட்டும் நான்காவது சக்கரத்தை வேலை செய்யாத நிலையில் வைத்திருந்தார்கள், பழைய மூன்று சக்கர இயந்திரம் போலவே. டிசம்பர் 13 அன்று பிளெட்ச்லி மறுபடி படிக்க ஆரம்பித்தது. நீங்கள் தாண்டப்போகும் வரி எதற்கு உதவியது, பாருங்கள்!

என் சித்தப்பாவுக்குத் தாலுகா ஆபீஸ் மழைமானியைப் பார்க்கும் வேலை. தினமும் காலை 8.30. சித்திரை வெயிலிலும் போய்ப் பார்த்து, நோட்டில் சைபர் போடுவார். ஒருநாள் காய்ச்சலோடு கிளம்பினார். “மழையே இல்லையே, வீட்டிலிருந்தே சைபர் போட்டால் என்ன?” என்றேன். நறுக்கென்று குட்டினார். “இல்லைங்கறதையும் போய்ப் பாத்துட்டுத்தாண்டா எழுதணும்.” அன்று அழுதேன். இப்போது அந்த நோட்டுகள் எங்கே போயின என்று தேடிக்கொண்டிருக்கிறேன். யாரோ பழைய பேப்பருக்குப் போட்டிருப்பார்கள்.

டாமி 1945-ல், வீடு தீப்பற்றியபோது தங்கையைக் காப்பாற்றப் போய் இறந்தான். பிளெட்ச்லி ரகசியம் வெளியே வந்தது 1970களில்தான்.

அப்புறம், நீங்கள் கேட்ட அந்த இரண்டு தளபதிகளும் அதே அக்டோபர் 30-ல் எகிப்தின் எல் அலமேனில் மோதிக்கொண்டிருந்தார்கள். அன்றைய தரைப் பத்தி நிறைந்து வழியும். கடல் பத்தியில் எத்தனை வரி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். நூலின் பெயரையும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், அதுவும் வேண்டும்.