ஆட்டிசமும் மூளை அலைகளும்: கேள்வி பதில்

என் மகனுக்கு நாலு வயசு. இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) ரிப்போர்ட்டில் ஆல்ஃபா அலை குறைவு, தீட்டா அலை அதிகம் என்று போட்டிருக்கிறது. ஆட்டிசம் உறுதியா?

இல்லைங்க. ஆட்டிசத்தை உறுதி செய்யும் அலை என்று எதுவும் கிடையாது. பேச்சு, விளையாட்டு, பழகும் விதம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது பின்தலையில் எழுவது ஆல்ஃபா. கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடும். தீட்டா அதைவிட மெதுவானது, தூக்கம் சொக்கினால் ஏறும். பதிவின்போது பையன் கண்ணை மூடியிருந்தானா, விழித்திருந்தானா என்ற குறிப்பு ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சிறப்புப் பள்ளி ஆசிரியை நான். வயது ஏற ஏற அலைகள் எப்படி மாறும்?

பின்தலை அலையின் வேகத்தைக் கவனியுங்கள். பொதுவாக நாலு மாதத்தில் சுமார் 4 ஹெர்ட்ஸ் (நொடிக்கு நாலு அலை), ஒரு வயதில் 6, மூன்று வயதில் 8, பத்து வயது வாக்கில் 10. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இந்த ஏற்றம் வயதோடு அவ்வளவு ஒட்டிப் போவதில்லை. பேச்சு சாராத அறிவுத்திறனோடு ஒட்டிப் போவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன.

மெதுவான அலைகளும் மிக வேகமான அலைகளும் கூடுதல், நடுவே ஆல்ஃபா பள்ளம் என்ற 'யு' வடிவத்தைப் பற்றி 2013இலிருந்து நிறையப் பேசுகிறார்கள். எல்லா ஆய்விலும் அது வருவதில்லை. உடம்பு ஆடினால் மிக மெதுவான டெல்டா கூடும், தாடையும் நெற்றியும் இறுகினால் வேகமான பீட்டாவும் காமாவும் கூடும், கண் திறந்திருந்தால் ஆல்ஃபா குறையும். அடங்கி உட்காராத எந்தக் குழந்தையின் பதிவும் அதே 'யு'வைப் போட்டுவிடும்! அசைவையும் தசை மின்னையும் எப்படி நீக்கினார்கள் என்று சொல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை. பெரியவர்களிடம் முடிவுகள் இன்னும் கலவை. மருந்துகளும் அதில் சேர்ந்துகொள்கின்றன. வலிப்பு மருந்தான குளோபசாம் போட்டாலே பீட்டா ஏறும்.

இ.இ.ஜி. டெக்னீஷியன் நான். பிள்ளைகள் வயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

வேலை வீட்டிலேயே தொடங்க வேண்டும். ஒரு வாரம் முன்பிருந்தே துணித்தொப்பி போட்டுப் பழக்கச் சொல்லுங்கள். முந்தின நாள் ஷாம்பு போட்டுத் தலை குளிக்க வேண்டும். அதன்பின் எண்ணெய் கூடாது, எண்ணெய்ப்பசை இருந்தால் மின்முனை ஒட்டாது. இரவு தாமதமாகத் தூங்கவைத்து, விடியலில் எழுப்பி, பகல் தூக்க நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். பின்தலையில் ஆரம்பித்து, நெற்றியைக் கடைசியில் ஒட்டுங்கள். கண்ணில் படுவதைத்தான் கை முதலில் பிடுங்கும். மேலே காஸ் துணியைச் சுற்றிவிடுங்கள். மின்முனைக்கும் தோலுக்கும் இடையே மின்தடை 5 கிலோஓம்முக்குக் கீழே நல்லது. பிள்ளை அழுதால் 10 வரை போதும், திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள். தானாகக் கண் மூடாவிட்டால் அம்மாவின் உள்ளங்கையால் சில நொடி மென்மையாக மறைத்துப் பாருங்கள். ஆல்ஃபா எட்டிப் பார்க்கும். வீடியோவும் கூடவே ஓடட்டும். தெளிவான 20 நிமிடம் கிடைக்க வேண்டும். மயக்க மருந்து கடைசி வழி.

ஃபிட்ஸ் வந்ததே இல்லை. இ.இ.ஜி. தேவையா?

எல்லோருக்கும் வேண்டாம். ஆட்டிசத்தில் பேச்சு மங்குவது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதை ஒட்டித்தான். நன்றாகப் பேசிய பிள்ளை மூன்று வயதுக்குப் பிறகு பேச்சை இழந்தால் லாண்டாவ்–கிளெஃப்னர் நோய்க்குறியா (தூக்கத்தில் வலிப்பு அலைகள் பெருகி, பேச்சைப் பறிக்கும் அரிய நோய்) என்று பார்க்க வேண்டும். அதற்கு இரவுத் தூக்கப் பதிவு கேளுங்கள். விழித்திருக்கும்போது எடுத்த அரைமணிப் பதிவில் அது தப்பிவிடும். வளரிளம் பருவத்தில் வலிப்பு புதிதாகத் தொடங்கலாம், வெறித்த பார்வை, திடீர்த் துள்ளல் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அலைகளை வண்ணப்படமாக்கும் 'பிரெய்ன் மேப்' எடுத்து, அலைகளைத் திரையில் பார்த்து மாற்றப் பழக்கும் நியூரோஃபீட்பேக் பயிற்சி கொடுக்கிறார்களே?

ஆட்டிசத்துக்கு அது பலன் தரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. தாடை இறுகிய பதிவிலும் அந்தப் படம் காதோரத்தை, அலை அதிகம் என்று, சிவப்பாகத்தான் காட்டும். வண்ணப்படத்தை விடுங்கள், மூல அலைப்பதிவைக் கேளுங்கள்.

அலையே நேராகக் காரணத்தைக் காட்டுவது உண்டா?

சில மரபணுக் கோளாறுகளில் உண்டு. 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி கூடுதலாக இருக்கும் டூப்15க்யூ (Dup15q) நோய்க்குறியில் பீட்டா தூக்கலாகத் தெரியும். அந்தப் பகுதியில், மூளைச் செல்களை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பி மரபணுக்கள் இருக்கின்றன. அதனால் குளோபசாம் போன்ற மருந்து எதுவும் இல்லாமலே பீட்டா ஓங்கி, தசைத் தளர்ச்சியும் சேர்ந்திருந்தால், குரோமோசோமில் கூடுதல், குறைவைக் கண்டறியும் மைக்ரோஅரே சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.