கேள்வி–பதில்: ஒசியெக் முகாமுக்கு மூன்று பேர், ஒரு கீபோர்டு

செப்டம்பரில் குரோஷியாவின் ஒசியெக் நகரில் நடக்கும் போட்டி நிரலாக்க முகாமுக்கு எங்கள் ஐசிபிசி (மூன்று பேர் ஒரே கணினியில் நிரல் எழுதும் கல்லூரிப் போட்டி) அணி போகவிருக்கிறது. விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?
– மூன்றாம் ஆண்டு மாணவி, கோவில்பட்டி

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. ஆகவே ஷெங்கன் விசாதான். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் வாங்குவார்கள். 15 நாளுக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்கள். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், கூடுதலாக விசாரித்தால் 45 நாள் வரை போகும். ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஊர் திரும்பும் நாளிலிருந்து இன்னும் 3 மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும், 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, முகாமின் அழைப்புக் கடிதம், கல்லூரியின் போனஃபைடு, பெற்றோரின் வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, செலவை ஏற்பதாக அவர்கள் எழுதிய கடிதம் எல்லாம் சேர்த்து வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் சொந்தக்காரரிடம் வாங்கி இரண்டு லட்சத்தைக் கணக்கில் போட்டால் அந்த ஒரு வரிதான் முதலில் கண்ணில் படும். பணம் முன்பே இருக்கட்டும். இல்லையென்றால் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுங்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில்தான். முகாமில் பதிவு செய்யும்போது பழக்கத்தில் ‘எஸ். கார்த்திகா’ என்று போட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட்டிலோ இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக நிற்கும். பாஸ்போர்ட்டின் முகப்படப் பக்கத்தில், அடியில் அம்புக்குறி வடிவங்களோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். அழைப்புக் கடிதம், காப்பீடு, டிக்கெட் மூன்றிலும் அதே பெயர் வர வேண்டும்.

லண்டன் வழியாக மலிவு டிக்கெட் கிடைத்தால் எடுக்காதீர்கள். ஷெங்கன் சுற்றுலா விசா கையில் இருந்தாலும், அங்கே விமானம் மாற மட்டுமே இந்தியர்களுக்குத் தனி டிரான்சிட் விசா வேண்டும்.

அணியில் ஒருவனுக்கு 17 வயதுதான். தடையா?
– அணிப் பயிற்சியாளர், திருச்சி

தடையில்லை. தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை பெற்ற சம்மதக் கடிதம் விசா விண்ணப்பத்தோடும் வேண்டும், கைப்பையிலும் ஒரு நகல் வேண்டும்.

சாப்பாடு, சார்ஜர் எதையெல்லாம் கொண்டு போகலாம்?
– ஒரு மாணவனின் தாயார், மதுரை

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தேங்காய் சேர்க்காத தொக்கு தாராளமாகப் போகலாம். எண்ணெய் கசியும் எதுவும் செக்-இன் பெட்டியில். ஆனால் பொடிக்கு ஊற்றும் நெய்யைக் கொடுத்தனுப்பாதீர்கள் அம்மா. பால், இறைச்சிப் பொருட்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டிருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் நுழையாது. நம் மூன்று முள் பிளக் அங்கே செருகாது, இரண்டு உருண்டை முள் கொண்ட ஐரோப்பிய அடாப்டர் ஆளுக்கு ஒன்று வேண்டும். மின்னழுத்தம் இங்கே போல 230 வோல்ட்தான். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

முகாம் கணக்குகள் மிகவும் கடினம் என்கிறார்கள். முழுப் பலன் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?
– இரண்டாம் ஆண்டு மாணவர், சென்னை

கடினம்தான். ஐந்து மணி நேரப் போட்டியில் இரண்டோ மூன்றோ கணக்குத்தான் முடிந்தது என்றால் மனம் தளர வேண்டாம்.

முதலில் கீபோர்டு. அங்கத்திய கீபோர்டாக இருந்தால் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். நெளி அடைப்புக்குறிக்கு வலது ஆல்ட்டை அழுத்திக்கொண்டு பி (B), என் (N). சதுர அடைப்புக்குறிக்கு எஃப், ஜி. சி++ மொழியில் நிரல் எழுதுபவருக்கு வரிக்கு வரி தடுக்கும். உட்கார்ந்ததும் செட்டிங்ஸில் அமெரிக்க அமைப்புக்கு மாற்றுங்கள். ஆனால் விசையின் மேல் அச்சடித்திருப்பது மாறாது. பார்த்துத் தட்டும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

தவறான விடை வந்ததும் கணினியைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். நிரலை அச்செடுத்து, தாளில் பிழை தேடுங்கள். அந்த நேரத்தில் இன்னொருவர் அடுத்த கணக்கை எழுதட்டும். தீர்த்த கணக்கில் ஒவ்வொரு தவறான சமர்ப்பிப்புக்கும் 20 நிமிடம் அபராதம். பாதிப் பிழைகள் பழையவைதான்: 2 லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் 100 கோடி வரை என்றால் கூட்டுத்தொகை 2 கோடி கோடி. சி++ மொழியின் சாதாரண முழு எண் வகையான இன்ட் தாங்குவதோ சுமார் 214 கோடி. பெரிய எண்களுக்கான லாங் லாங் வகையைப் போடாத ஒரு வரியால் முழுக் கணக்கும் போகும்.

போட்டி முடிந்ததும் தீர்வு விளக்கம் நடக்கும். அதற்குப் பிறகு, முடியாத கணக்குகளை உட்கார்ந்து மறுபடி போடுவதற்கு அப்சால்விங் என்று பெயர். இவ்வளவு செலவழித்துப் போவது இதற்காகத்தான். விளக்கம் கேட்கும்போது எல்லாம் புரிந்தது போலத்தான் இருக்கும். எழுத உட்கார்ந்தால்தான் புரியாத இடம் தெரியும். எல்லாவற்றையும் தொடாதீர்கள். போட்டியில் கிட்டத்தட்ட எட்டிய ஒன்று, அதற்கு அடுத்த படியில் ஒன்று என இரண்டு போதும். போட்டியின்போது அந்தக் கணக்கைத் தொடாதவர் நிரல் எழுதட்டும். திராவா ஆற்றங்கரை அழகான இடம், அவசியம் பாருங்கள், அன்றைய இரண்டு கணக்கும் சரி என்று திரையில் பச்சையான பிறகு.