45,000 கட்டி இன்டர்ன்ஷிப்: இருக்கிற வேலையை விடலாமா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 27, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நாலு வருடம் ஏழு மாதமாக வேலை, சம்பளம் 22,000. டெக்னோபார்க்கில் ஆறு மாத இன்டர்ன்ஷிப், மாதம் 10,000, முடிந்ததும் வேலை உறுதி என்கிறார் மார்த்தாண்டத்தில் ஒரு கன்சல்டன்சிக்காரர். 45,000 கட்ட வேண்டுமாம். வேலையை விடலாமா?"

தம்பி, முதலில் அந்த 45,000-ஐப் பார்ப்போம். ஆறு மாதத்தில் அவர்கள் தரப்போவது 60,000. அதில் 45,000 உங்கள் பணம்தான், தவணையாக உங்களிடமே திரும்பி வருகிறது. ஆள் தேவைப்படுகிற நிறுவனம் வருகிறவனிடம் காசு கேட்காது.

டெக்னோபார்க் என்பது திருவனந்தபுரத்தில் பல ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் வளாகத்தின் பெயர். உள்ளே எந்தக் கம்பெனி என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், எப்போது பதிவானது என்று காசில்லாமல் தெரியும். பிறகு அந்தக் கம்பெனிக்கே போன் போடுங்கள். கன்சல்டன்சிக்காரர் தருகிற எண் வேண்டாம்.

அடுத்து, "ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் காட்டித் தர்றோம்" என்பார்கள். அது போலி அனுபவச் சான்று, விழுந்துவிடாதீர்கள். இப்போது பல கம்பெனிகள் பி.எஃப். கணக்கின் பணி வரலாற்றைக் கேட்கின்றன. நீங்கள் நாகர்கோவிலில் கணக்கெழுதிய மாதங்கள் அதில் தேதியோடு இருக்கும். இதில் மாட்டி ஆஃபரை இழந்த மூன்று பிள்ளைகள் என்னிடமே வந்திருக்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழையும், தொகை எழுதாத செக்கையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டிவிட்டு ஓடி வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் நுகர்வோர் நீதிமன்றம் என்பார்கள், அங்கே தேதி விழுவதற்குள் கடையின் பெயர்ப்பலகையே மாறியிருக்கும்.

சரி, கம்பெனி நிஜம், காசும் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த மாதம் ராஜினாமா செய்யாதீர்கள். காரணம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடை. ஐந்து வருடம் முடிய வேண்டும் என்பது பொது விதி. அதில் ஒரு விலக்கு உண்டு: ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த வருடமும் முடிந்ததாகக் கணக்கு. சென்னை உயர் நீதிமன்றமே இதை ஏற்றிருக்கிறது. வாரம் ஐந்து நாள் அலுவலகம் என்றால் 190 நாள் போதும். சம்பளத்தோடு எடுத்த லீவு சேரும், சம்பளமில்லாத லீவு சேராது. நோட்டீஸ் காலத்தில் பார்க்கிற வேலையும் சேரும். வாரம் ஆறு நாள் போகிறவராக இருந்தால் உங்களுக்கு இன்னும் 240 ஆகியிருக்காது, ஏழு மாதம் என்பதே சுமார் 212 நாள்தான். நாள் எண்ணிச் சண்டை போடுவதைவிட இன்னும் ஐந்து மாதம் பொறுப்பது மேல், அதன்பிறகு யாரும் வாதாட முடியாது. அடிப்படைச் சம்பளம் 13,000 என்றால், அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்குங்கள்: 37,500 ரூபாய். முப்பது நாளில் தர வேண்டும் என்பது சட்டம். எத்தனை நடை நடக்க விடுவார்கள் என்பது வேறு கதை.

பி.எஃப்.பை எடுக்காதீர்கள், அப்படியே கிடக்கட்டும்.

கம்பெனி தரும் கடிதத்தில் ஆறு மாதம் முடிந்தபின் என்ன பதவி, என்ன சம்பளம், எந்த நிபந்தனையில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். "திறமையைப் பொறுத்து பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் இருந்தால் அதற்காக வேலையை விட வேண்டாம். போன பேட்சில் இருந்த இரண்டு பேரோடு பேசுங்கள். இரணியலில் ரயிலேறி, டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்துக்குத் தினமும் போய் வரலாம் என்று நினைக்காதீர்கள், இரட்டைப் பாதை வேலை வருடக்கணக்காக நடக்கிறது. அங்கேயே தங்கினால் அந்த 10,000 அறைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும்.

அந்தக் கன்சல்டன்சிக்காரரிடம், "45,000-ஐ வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் தருகிறேன், சம்மதமா?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.