பூஞ்சை மருந்துக்கு மீன் ஏன் சாகிறது?

கேள்வி: சோழவரம் பக்கம் 2 ஏக்கர் சம்பா நெல் வைத்திருக்கிறேன். இலையுறை கருகலுக்கு டெபுகோனசோல் 50%, டிரைஃப்ளாக்சிஸ்ட்ரோபின் 25% கலந்த மருந்தை ஏக்கருக்கு 80 கிராம் அடித்தேன். மறுநாள் கனமழை. வயல் தண்ணீர் வரப்பு வழிந்து 20 சென்ட் மீன் குட்டைக்குள் இறங்கிவிட்டது. கட்லா, ரோகு குஞ்சுகள் செத்து மிதந்தன. ஒரு வாரத்தில் தண்ணீர் கரும்பச்சை ஆகிவிட்டது. பூச்சி மருந்தே அடிக்கவில்லை, பூஞ்சை மருந்துதானே? இனி என்ன செய்வது?

பதில்: பூஞ்சை மருந்து பூஞ்சையை மட்டும்தான் கொல்லும் என்பது தவறு. டிரைஃப்ளாக்சிஸ்ட்ரோபின் செல்லுக்குள் மூச்சு நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அடைக்கிறது. அந்த அமைப்பு பூஞ்சைக்கும் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் ஒன்றுதான். டப்பாவில் இருக்கும் நிறக் குறியை நம்பியும் ஏமாறாதீர்கள். அது எலி போன்ற பாலூட்டிகளுக்கான நஞ்சுத்தன்மையை வைத்துப் போட்டது, மீனை வைத்து அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிராமில் டிரைஃப்ளாக்சிஸ்ட்ரோபின் 20 கிராம், 2 ஏக்கருக்கு 40 கிராம். குட்டையில் ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 8 லட்சம் லிட்டர். அடித்ததில் மூன்றில் ஒரு பங்கு அதில் கலந்தாலே லிட்டருக்கு 0.016 மில்லிகிராம். டிரவுட் என்ற குளிர்நீர் மீனில் பாதி 4 நாளில் சாகும் அளவு லிட்டருக்குச் சுமார் 0.015 மில்லிகிராம். நம் கெண்டைகளுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது என்றாலும், குஞ்சுகள் தாங்காது.

கரும்பச்சைக்குக் காரணம் வேறு. பாசியை மேய்ந்து கட்டுக்குள் வைக்கும் நுண்ணிய மிதவை உயிரிகள் மருந்தில் அழியும். நீலப்பச்சைப் பாசியைத் தொற்றி அழிக்கும் கைட்ரிட் என்ற நீர்ப் பூஞ்சையும் குறையும். கூடவே வயலில் போட்ட யூரியா வழிந்து வந்தால், தடுக்க ஆளில்லாமல் பாசி பெருகும். நீரில் விழும் சருகை மட்கவைத்து நத்தைக்கும் புழுவுக்கும் இரையாக்கும் பூஞ்சைகளும் குறைவதால் குட்டையின் அடிமட்டமும் பட்டினி கிடக்கும். இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது, மீன் வளராமல் நிற்கும்போதுதான் தெரியும்.

இப்போது கவனிக்க வேண்டியது ஆக்சிஜன். பெரிய மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் திறந்தால் பாசி இரவில் ஆக்சிஜனை இழுக்கிறது என்று பொருள். பகலிலும் சின்னக் குஞ்சுகள் துடித்துச் சாவது மருந்தின் வேலை. தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். நள்ளிரவு முதல் காலைவரை ஆழ்குழாய்த் தண்ணீரைக் குழாயில் துளை போட்டுச் சிதறவிட்டு நிரப்புங்கள். அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, சிதறினால்தான் காற்று சேரும். பாசியைக் கொல்ல மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடவே கூடாது: பாசி ஒரேயடியாகச் செத்து அழுகி மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும், செம்பு மட்காமல் சேற்றில் தங்கிவிடும். குட்டைத் தண்ணீரை வாய்க்காலில் திறக்காதீர்கள். சோழவரம் ஏரியிலிருந்து புழலுக்குப் போகும் தண்ணீர் சென்னையின் குடிநீர். செத்த மீனைப் புதையுங்கள், விற்கவோ சமைக்கவோ வேண்டாம்.

அடுத்த போகத்தில் வானிலை அறிவிப்பில் 2 நாளுக்குள் மழை இருந்தால் மருந்து அடிப்பதைத் தள்ளிப் போடுங்கள். அடிக்கும் முன்பே வரப்பை உயர்த்தி மடையை அடைத்து, ஒரு வாரம் தண்ணீரை வெளியே விடாதீர்கள். டிரைஃப்ளாக்சிஸ்ட்ரோபின் தண்ணீரில் சில நாட்களில் சிதைந்துவிடும். டெபுகோனசோல் நீண்ட காலம் தங்கும், அதனால் சேறு கலங்காமல் வடியவிடுவதே நல்லது. குட்டையை ஒட்டிய 5 மீட்டருக்கு மருந்து தொட வேண்டாம். தெளிப்பானைக் குட்டையில் கழுவவே கூடாது, மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரையும் பயிரின் மேலேயே அடித்துவிடுங்கள்.

மருந்தையே குறைக்க வழி இருக்கிறது. இலையுறை கருகலை உண்டாக்கும் பூஞ்சையின் பழுப்பு உருண்டைகள் சேறடிக்கும்போது நுரையோடு மிதந்து காற்றடிக்கும் மூலையில் ஒதுங்கும். அதை வலையால் அள்ளி எரித்தாலே அடுத்த தாக்குதல் குறையும். விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கலந்து நேர்த்தி செய்யுங்கள், தழைச்சத்தைப் பிரித்துப் போடுங்கள், நெருக்கி நடாதீர்கள்.

புதுக் குஞ்சு விடும் முன் ஹாப்பா என்ற சிறுகண் வலைக்கூண்டில் 10 குஞ்சுகளை 3 நாள் குட்டையில் வைத்துப் பாருங்கள். ஒன்றுகூடச் சாகாவிட்டால் மீதியை விடலாம்.