ரப்பர் குழாய் கவுன்ட்டரை மாற்றலாமா?

வணக்கம் சார். எண்ணூர் விரைவுச் சாலையில் ரோட்டின் குறுக்கே ரப்பர் குழாய் போட்டு எடுத்த வாகனக் கணக்கு, ஆள் நின்று எண்ணியதோடு ஒத்துவரவில்லை, புதுக் குழாய் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள்.

அந்தக் குழாய் வண்டியை எண்ணுவதில்லை, அச்சைத்தான் (இருபுறச் சக்கரங்களை இணைக்கும் தண்டு) எண்ணுகிறது. சக்கரம் ஏறும்போது உள்ளே பாயும் காற்றழுத்தம் மட்டுமே அதற்குத் தெரியும். இரண்டு அச்சுக்கு ஒரு வண்டி என்று வகுத்தால், ஐந்து அச்சு கன்டெய்னர் டிரெய்லர் இரண்டரை வண்டியாகிவிடும். சேர்ந்து ஏறும் இரண்டு பைக் ஒன்றாகிவிடும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசை நின்றுவிட்டாலோ, சக்கரம் குழாய் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்து எண்ணை நம்பவே கூடாது.

உங்களுக்கு வேண்டியது பைக், கார், லாரி என்று வகை பிரித்த கணக்கு. நகரச் சாலைகளின் கொள்ளளவுக்கு இந்திய சாலைகள் காங்கிரஸ் தந்த ஐஆர்சி 106 (1990) வழிகாட்டியின்படி, அந்த வகை வண்டி மொத்தத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு பைக் 0.75 காருக்குச் சமம், ஒரு லாரி 3.7 காருக்குச் சமம். வகை மாறினால் சாலையின் கொள்ளளவுக் கணக்கே சாய்ந்துவிடும்.

அதனால் வீடியோ கேமராவுக்கு மாறுங்கள். ஓரக் கம்பத்தில் தாழ்வாக மட்டும் மாட்டிவிடாதீர்கள், டிரெய்லருக்குப் பின்னால் பைக்கெல்லாம் மறைந்துவிடும். நடைமேம்பாலம் கிடைத்தால் நல்லது. கடல் உப்புக்காற்றுக்குச் சாதாரண இரும்புப் பெட்டி தாங்காது, துருப்பிடிக்காத எஃகே கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் பகலில் ஒரு மணி நேரம், ஹெட்லைட் கூசும் இரவில் ஒரு மணி நேரம் பதிவெடுத்து, வகைவாரியாகக் கையால் எண்ணி ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாக வருகிறதே என்று ஒப்புக்கொண்டுவிடாதீர்கள், சார்.