மகள் ஓவியம் படிக்கக் கேட்கிறாள்: ஹெலன் ஷெர்ஃப்பெக்கின் வரவுக் கணக்கு

உங்கள் மகள் ஓவியம் படிக்க விரும்புகிறாள்; ‘படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. பின்லாந்தின் முன்னோடி ஓவியர் ஹெலன் ஷெர்ஃப்பெக்குக்கு (1862–1946) எந்தெந்த வழியில் பணம் வந்தது என்று பாருங்கள்.

ரயில்வே அலுவலரின் மகள். 4 வயதில் மாடிப்படியில் விழுந்து இடுப்பு பாதித்ததால் பள்ளிக்கே போகவில்லை. 11 வயதில் பின்லாந்துக் கலைச் சங்கத்தின் ஓவியப் பள்ளி கட்டணமில்லாமல் சேர்த்துக்கொண்டது. 13 வயதில் அப்பா காலமானார். வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து அம்மா குடும்பம் நடத்தினார். 1877இல் ஓவியப் பள்ளி முடிந்ததும் ஹெலன் ஓவியர் அடோல்ஃப் வான் பெக்கரிடம் எண்ணெய் வண்ணம் கற்றார்; அதற்கான கட்டணத்தை ஒரு பேராசிரியர் ஏற்றார். 1880இல் அரசின் பயண உதவித்தொகை; பாரிஸில் கொலரோசி கலைக்கூடத்தில் படிப்பு.

இதில் வரிசையைக் கவனியுங்கள். முதல் நான்கு ஆண்டுகள் பென்சிலும் கோடும்தான், எண்ணெய் வண்ணம் பிறகுதான். பல பிள்ளைகள் நேரே வண்ணத்துக்குத் தாவுகிறார்கள். உருவத்தின் அளவு பிசகுகிறது, ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அங்கேயே மதிப்பெண் போகிறது.

‘நோயிலிருந்து தேறுபவள்’ ஓவியத்துக்கு 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் மாதச் செலவுக்கு வராது. எனவே கலைச் சங்கத்துக்காக பீட்டர்ஸ்பர்க், வியன்னா, ஃபுளோரன்ஸ் அருங்காட்சியகங்களில் பழைய மேதைகளின் ஓவியங்களைப் பிரதி எடுத்தார். தான் படித்த பள்ளியிலேயே பாடமும் நடத்தினார். வகுப்புச் சுமையும் நோயும் சேர்ந்து சொந்த ஓவியத்துக்கான நேரத்தைத் தின்றன. 1902இல் வேலையை விட்டு, அம்மாவோடு ஹைவின்கா என்ற சிற்றூருக்குப் போனார். அவருடைய மிகச் சிறந்த, சுருக்கமான கோடுகள் அங்கேதான் பிறந்தன என்பது என் கருத்து. ஆனால் வாங்குவோர் கண்ணில் படவில்லை. யோஸ்டா ஸ்டென்மன் என்ற ஓவிய வணிகர் 1913இல் தேடி வந்த பிறகு, 1917இல்தான் முதல் தனிக் கண்காட்சி. அப்போது வயது 55.

ஆகவே மகளுக்கு ஓவியத்தோடு இன்னொரு வருமானத் திறன் வேண்டும்: கற்பித்தல், புத்தகங்களுக்குப் படம் வரைதல், பழைய ஓவியங்களைப் பழுதுபார்த்தல், ஏதாவது ஒன்று. கற்பித்தால், வாரத்தில் இரண்டு முழு நாளாவது வரைவதற்கு ஒதுக்கட்டும். விற்பவரிடம் படம் கொடுக்கும்போது விலை, விற்பனையில் அவரவர் பங்கு, அச்சிடும் உரிமை மூன்றையும் எழுத்தில் வாங்கட்டும்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது, கடந்த ஆறு மாதத்தில் அவள் வரைந்தவற்றைத் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுவாருங்கள். கெட்டுப்போனவற்றையும் சேர்த்து.